கடைசிப் பாட்டின் நடுவில்

என் கீபோர்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. முக்கோண வடிவம், முனைகள் தேய்ந்தவை. அதில் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரியும். இரண்டும் கிரேன் அண்ணாச்சியுடையவை. துறைமுகத்துக்குள் போய்வரப் படம் ஒட்டிக் கொடுக்கும் பாஸ் காலாவதியானால் நாங்களெல்லாம் இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவோம். அவர் அதைக் கத்தரித்துக் கிட்டார் மீட்டும் வில்லையாக்கிக்கொள்வார். கடையில் விற்கிற வில்லை வியர்வையில் வழுக்குமாம், பாஸ் வழுக்காதாம். ஒரு பாஸுக்கு நான்கு தேறும். அந்தக் கணக்கில் பல வருடம் தன் மூஞ்சியாலேயே கிட்டார் வாசித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் காகிதம் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பேன், மற்ற நாட்களில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். மூன்றிலும் நான் சுமார் என்பதில் எங்குமே கருத்து வேறுபாடு இல்லை. அண்ணாச்சி இளவட்டமாக இருந்தபோது ஏதோ ஒரு கப்பல்காரர் விட்டுப்போன கேசட்டுகளில் எழுபதுகளின் ராக் இசையைக் கேட்டிருக்கிறார். கூச்சல் ராக் இல்லை. இரண்டு கிட்டார்கள் அண்ணன் தம்பி போலச் சேர்ந்து பாட, பின்னால் ஆர்கன் நின்று மூச்சுவிடுகிற இனிமையான ராக். அன்று பிடித்த பிடி. உப்புக் காற்றில் கம்பி பத்து நாளில் துருவேறும். தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சத் தொங்கவிடும் பைகளைச் சேகரித்துக் கிட்டார் பெட்டிக்குள் அடுக்கி வைப்பார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திர வாங்கிட்டு வருவாக. அதுக்குச் சளி பிடிச்சிரக் கூடாதுன்னு இவ்வளவு பாடு.”

ஓய்வு பெற்றதும் மாடி அறையின் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்திவைத்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஆல்பம் பதியத் தொடங்கினார். ஏழு பாட்டு, எல்லாம் தமிழில். கிட்டார் இரண்டும் அவரே, பேஸும் அவரே, குரலும் அவரே. டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடியாகத் தட்டி அமைத்தார். ஆர்கனுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

“அதையும் மெசின்லயே போட்டுரலாமே அண்ணாச்சி.”

“போட்டுப் பாத்தேம்லே. தப்பே இல்லாம வாசிக்கி. நீ வாசிச்சா நாலு தப்பு வரும், மனுசன் வாசிச்ச மாதிரி இருக்கும். கடைசிப் பாட்டுக்கு நீதான்.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கீபோர்டைச் சுமந்துகொண்டு மாடியேறிப் போன முதல் நாளே சிக்கல். அவர் கிட்டாரும் என் கீபோர்டும் சேரவில்லை. அவருடையது நூலளவு கீழே நின்றது. சுருதியைக் கூட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். கிட்டார் கற்ற காலத்தில் சுருதி பார்க்க அவரிடம் எதுவும் கிடையாது. ஊருக்குள் இருந்த மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும் சங்குதான் துணை. அது ஊதும்போது ஓடிப்போய்க் கிட்டாரில் ஒரு கம்பியை அதற்குக் கூட்டி வைப்பார். மற்ற கம்பிகள் அதைப் பின்தொடரும்.

“அந்த மில்ல மூடி எத்தன வருசமாச்சு அண்ணாச்சி?”

“மில்லத்தானலே மூடுனான்? என் காதுல இப்பவும் மூணு ஷிப்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

கீபோர்டில் சுருதியை நூலளவு இறக்க இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் கோயிலில் இருபது வருடமாக எல்லோரும் எனக்குத்தான் சுருதி சேர்த்திருக்கிறார்கள். மூடிப்போன ஒரு மில்லுக்கு நான் இறங்கிவருவதா என்று இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, மில் சங்குக்குச் சுருதி கூட்டும் ஒரு கிட்டார்காரரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவர் கச்சேரி நடத்தினால் ஜனங்கள் கை தட்ட மாட்டார்கள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு வரி. அச்சில் வந்தது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் சிரித்த வரி அதுதான். அண்ணாச்சியும் படித்தார். சிரித்தார். அதை வெட்டிக் கிட்டார் பெட்டிக்குள் ஒட்டிவைத்தார். “நல்லாத்தான்லே எழுதியிருக்க. எப்ப வார?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கோபித்திருந்தால் மறுநாளே போய் நின்றிருப்பேன். கோபிக்காத மனிதரின் முன்னால் எந்த முகத்தோடு கீபோர்டை விரிப்பது? ஈஸ்டர் முடியட்டும் என்றேன். மாதா திருவிழா முடியட்டும் என்றேன். பிறகு கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி வந்தது. பக்திமானுக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு முறையும் “சரிலே, இடம் இருக்கு” என்பார்.

ஒருநாள் ஆல்பம் இணையத்தில் வெளிவந்துவிட்டது. போனுக்கு அனுப்பியிருந்தார். முதல் பாட்டில் பாதி கேட்டேன். நன்றாக இருந்தது. அதனாலேயே மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்.

“கேட்டியாலே?”

“கேட்டேன் அண்ணாச்சி. அருமை.”

“கடைசிப் பாட்டு?”

“அதுதான் உச்சம்.”

“நடுவுல வருமே, அது?”

“நடு பிரமாதம் அண்ணாச்சி. அதை எப்படி யோசிச்சீங்கன்னுதான் தெரியல.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “சரிலே” என்று சொல்லி மதினியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எப்போது வருகிறாய் என்று கேட்கவேயில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அண்ணாச்சி நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது மதினி இந்த வில்லையை என் கையில் வைத்தார். “கீபோர்டுக்கு இது எதுக்கு ஆவும்னு தெரியல தம்பி. உங்களுக்குன்னு தோணிச்சு. பாட்ட வெளிய விட்ட பெறவும் சொல்லிக்கிட்டு இருந்தாக, கடைசிப் பாட்டு இன்னும் முடியலன்னு. எனக்கு வெளங்கல. உங்களுக்கு வெளங்கும்லா?”

வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் கடைசிப் பாட்டைக் கேட்டேன். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்துக்கிடக்கும் கப்பலைப் பற்றிய பாட்டு. இரண்டு சரணம் பாடுகிறார், இரண்டு கிட்டாரும் மேலே மேலே ஏறுகின்றன. சட்டென்று இரண்டும் நின்றுவிடுகின்றன. பேஸும் டிரம்ஸும் மட்டும், கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஒதுங்கி நிற்பவர்களைப் போல, மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வெற்றிடத்தின் தொடக்கத்தில், எங்கோ மைக்குக்குத் தள்ளியிருந்து, அவர் குரல் கேட்கிறது. “ம். வாலே.” அவ்வளவுதான். நாற்பது விநாடி ஒன்றுமில்லை. பிறகு கிட்டார்கள் திரும்பி வந்து பாட்டை முடித்துவைக்கின்றன. ஆல்பம் பக்கத்தில் ஆர்கன் என்ற வார்த்தைக்கு எதிரே என் பெயர் இருக்கிறது.

கேட்ட எவனும் இது என்ன ஓட்டை என்று கேட்டிருப்பான். நான் நடு பிரமாதம் என்றேன். கோயில் வாசலில் அவர் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. தெரிந்தும் என் பெயரை எடுக்கவில்லை, இடத்தையும் அடைக்கவில்லை.

நேற்று மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது கீபோர்டை விரித்தேன். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, மில் சங்கு நின்ற இடம்வரைக்கும் இறங்கினேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை. பாட்டைப் போட்டேன். அவர் “வாலே” என்றார். ஒரு தாளம் பிந்தித்தான் நுழைந்தேன். அவர் கணித்தபடியே நாலு தப்பு வந்தது. ஓரத்தில் கிடந்த வில்லையிலிருந்து ஒற்றைக் கண்ணும் பாதி மீசையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது விநாடி முடிந்து அவர் கிட்டார் திரும்பி வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.