கட்டியாச்சா?

என் தொழில் டைல் பதிப்பது. ஜெர்மனியில் பதினாறு வருடம் அதைத்தான் செய்தேன். லண்டனுக்கு வந்த பிறகும் அதையேதான் செய்கிறேன். ஒரு வீட்டுக்குள் காலை வைத்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பேன். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று பாதம் சொல்லிவிடும். கோணலாகப் பதித்த டைலைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், யாருடைய குளியலறையாக இருந்தாலும் வரும். சொந்தக்காரர் வீடுகளுக்கு என்னை அதிகம் கூப்பிடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை முதலில் தெரிந்தது தொலைபேசியில்தான். அடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் டைல் பதிக்க வேண்டும் என்றார். குரல் இந்தியத் தமிழ். முகவரி கேட்டேன்.

"அட்ரஸ் இல்லீங்க. அல்பேர்ட்டன்ல கால்வாய் ஓரமா வந்து நில்லுங்க. பச்சைப் படகு. வியாழக்கிழமைக்குள்ள வந்துடுங்க, அப்புறம் நான் அங்க இருக்க மாட்டேன்."

முகவரி இல்லாதவனுக்கு என்னத்துக்கு டைல் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். நீளமான, ஒடுங்கிய படகு. நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவர்களும் விரலில் பட்டன. அதற்குள் கட்டில், சமையல் மேசை, விறகும் கரியும் எரிக்கும் இரும்பு அடுப்பு, ஈரத் துவாய்கள், எங்கு பார்த்தாலும் ஈரத் துவாய்கள். அவர் கவுன்சில் குளத்தில் நீச்சல் பழக்குபவர். அவரிடம் பழகுவோரில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற பெண்கள். மதுரைக்காரர். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்து நீச்சல் பழக்குகிறீர்களே என்று கேட்டால், கிணறு இருந்ததே என்பார். நான் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் பிறந்தவன். எனக்கு நீந்தத் தெரியாது.

நீர்மட்டத்தை எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடும் அந்தக் கருவியைத்தான் சொல்கிறேன். குமிழி நடுவுக்கு வந்தது, போனது, திரும்ப வந்தது. பக்கத்தில் இன்னொரு படகு போனது. மறுபடியும் ஆட்டம். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இஞ்ச மட்டம் பாக்க ஏலாது," என்றேன்.

"அப்ப கண்ணால பாத்து வைங்க," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

முப்பது வருடத் தொழிலில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவன், அவர் தந்த இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டுக் கண்ணால் பார்த்து வைத்தேன். இரண்டு மணி நேர வேலை மூன்று நாள் எடுத்தது. மூன்றாவது நாள் தேவையே இல்லை, அது எனக்கும் தெரியும். இரண்டாவது வரிசை இன்றைக்கும் கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கிறது. கழற்றித் திருத்தித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், அவர் விடுவதில்லை.

அதற்குப் பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லிப் போய்வந்தேன். ஒரு நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது: "சாயங்காலம் வாங்க, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்." எங்கள் ஊரில் உரையாடுவதைக் கதைப்பது என்போம், பேசுவது என்றால் திட்டுவது. பகல் முழுக்க நான் செய்த பிழை என்ன என்று யோசித்தேன். அந்த இரண்டாவது வரிசைதான் என்று முடிவு செய்து, பதில்களைத் தயார்செய்துகொண்டு போனேன்.

"நீங்கள் பேச முதல் நான் ஒண்டு சொல்லுறன்," என்று படகுக்குள் ஏறும்போதே தொடங்கினேன். "ஆடுற இடத்தில என்னால அவ்வளவுதான் ஏலும்."

அவர் புரியாமல் விழித்தார். என் மனதில் உள்ளதைச் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன், பிடிக்கவில்லை என்றால் மன்னித்துவிடுங்கள் என்றார். பிடிக்காமலா? அன்று நான் சிரித்த சிரிப்பில் படகு இன்னும் கொஞ்சம் ஆடியது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, அத்தனை வயதுக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நிரந்தரமாகக் கட்டும் இடம் இல்லாத படகு ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. அதுதான் சட்டம். ஆகவே என் காதல் இரண்டு கிழமைக்கு ஒரு முறை இடம் மாறும். கிங்ஸ்பரியில் என் வீடு அசையாமல் நிற்கும், தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அவரோ ஒரு மாதம் பக்கத்தில், அடுத்த மாதம் லண்டனின் மறுகோடியில். நாடு நாடாக அலைந்து ஒரு முகவரி கிடைத்தவன் நான். முகவரியைத் தானாகவே விட்டவர் அவர். நான் துவாயை மடித்து வைப்பேன், அவர் அதே துவாயை எடுத்துத் துடைத்துவிட்டு எறிவார். சண்டை பிடிப்போம், பிறகு ஒன்றாகச் சமைப்போம்.

படகு நகரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு என் பொறுப்பு. அவர் பின்னால் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொள்வார். நான் கரையில் குதித்து இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்ட வேண்டும். எங்களோடு சேர்ந்து இடம் மாறிவரும் முன்படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பூனையுடன் இருந்தார். நான் வந்த பிறகுதான் இந்தக் கரையில் கயிறுகள் நேராக நிற்கின்றன என்று எல்லோரிடமும் சொல்வார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு மட்டும் இதொன்றும் தெரியாது. லண்டனின் கிழக்குப் பக்கம், குட்மேய்ஸில் இருக்கிறார். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு பதினொரு மணிக்குத் தவறாமல் தொலைபேசி எடுப்பார். எனக்குப் பெண் பார்த்துப் பார்த்துக் களைத்து, ஐம்பது நெருங்கியதும்தான் விட்டார். அவரிடம் சொன்னால் அந்த ஞாயிற்று அழைப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை.

ஹான்வெல்லுக்கு வந்து சேர்ந்த ஞாயிறு. ஒரு கையில் கயிறு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி, அதில் அக்கா. படகின் பின்பக்கத்திலிருந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவர் கத்தினார்.

"கட்டியாச்சா?"

"ஓம், கட்டிட்டன்!" என்று நானும் கத்தினேன்.

வளையத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"என்னடா சொன்னனீ?" என்றார் அக்கா மெதுவாக. "கட்டிட்டியோ? ஆரையடா கட்டினனீ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

உண்மையைச் சொல்ல வாசல் தானாகவே திறந்து கிடந்தது. நான் இழுத்துச் சாத்தினேன்.

"படகை, அக்கா. படகைக் கட்டினனான். ஒரு சினேகிதரின்ர படகு, ஹான்வெல்லில நிக்குது. சும்மா உதவிக்கு வந்தனான்."

"படகோ!" என்று அக்கா சிரித்தார். "வாற ஞாயிறில்லை, அதுக்கடுத்த ஞாயிறு வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு வாறன். கிட்டத்தானே, உந்தப் படகையும் ஒருக்காப் பாக்கிறன்."

நான் திரும்பியபோது எஞ்சின் நின்றிருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே போய்த் தேநீர் போட்டார். அன்று அதில் இஞ்சி இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் கோவிச்சுக்கல," என்றார். "ஆனா மூணு வருசமா நான் உங்க சினேகிதன், கஸ்டமர், பக்கத்துப் படகு. போதுங்க. பதினாலு நாள் கழிச்சு இங்கருந்து கிளம்பணும். அப்ப உங்க சாமானெல்லாம் இந்தப் படகுலயே இருக்கட்டும், நீங்களும் ஏறுங்க. இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு அவசரமில்ல, படகுக்குத்தான் அவசரம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கா வரும் நாளன்று காலையிலேயே எழுந்து, என்னுடையது என்று தெரியக்கூடிய அத்தனையையும் பொறுக்கினேன். பல் துலக்கும் பிரஷ், வாசிக்கும் கண்ணாடி, செருப்பு, உடுத்தும் சாரங்கள், மிளகாய்த்தூள் போத்தல், நீர்மட்டம். இரண்டு பையில் அடைத்து வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அக்கா போனதும் திரும்பக் கொண்டுவரலாம் என்பதுதான் என் கணக்கு. அவர் வாசலில் நின்றார்.

"எல்லாம் வேன்ல ஏறிடுச்சு," என்றார். "அப்ப பதில் சொல்லிட்டீங்க."

அதற்கு நான் வாயைத் திறக்குமுன் கரையில் அக்கா. பட்டுச் சேலை, காலில் ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்து, கையில் கோயில் வடை. முன்படகுப் பெண்மணி ஓடிவந்து கை கொடுத்து ஏற்றிவிட்டார். அக்கா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்து, வடிவாய்த்தான் இருக்கு, ஆனால் ஆடுது என்றார். இரண்டு கைகளாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்காரர் எங்கள் இருவரோடும் மரியாதையாகப் பேசினார், கொஞ்சம் அளவுக்கு மீறிய மரியாதை. எனக்கு அது குத்தியது.

தேநீர் போட நான் எழுந்தேன். கிளாசுகள் மேல் தட்டில் இருந்தன, அவருக்குத்தான் எட்டும்.

"இஞ்சேருங்கோ," என்றேன், "அந்தக் கிளாசை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

"இந்தா வரேன்," என்று அவர் எடுத்துத் தந்தார்.

அக்கா கதிரையை விட்டார். அத்தானை அவர் முப்பத்தைந்து வருடமாக இஞ்சேருங்கோ என்றுதான் கூப்பிடுகிறார், வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் கட்டியவர்கள் மட்டும் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் அது. நான் எப்போதிருந்து அப்படி அழைக்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"தம்பி, இவன் உங்களை எப்பவும் இப்பிடித்தான் கூப்பிடுறவனோ?" என்று அக்கா அவரிடம் கேட்டார்.

"ஆமாங்க. என் பேரையே மறந்துட்டாரு. உங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்றதுன்னு நினைச்சேன்."

"மரியாதைக்குத்தான்," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார்.

மறுபடியும் படகைக் காட்டித் தப்ப முடியாது. தப்பவும் விருப்பமில்லை.

"அக்கா, இவர்தான்," என்றேன். "மூண்டு வருசமா இவர்தான். வேற ஒருத்தரும் இல்லை, இனியும் இல்லை."

அவர் கெட்டிலைக் கையில் வைத்தபடி நின்றார். அக்கா வடைப் பொட்டலத்தைப் பிரித்தார், மூடினார்.

"ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறம்," என்றார். "மூண்டு வருசம். மழை பெய்யுது, குளிருது எண்டு அதையே கதைச்சனீ. அவ்வளவு பயமோ என்னில?"

"ஓம்," என்றேன்.

அக்காவின் கண் நிறைந்தது. "நான் கொஞ்சம் நடக்கப் போறன்," என்று சொல்லிக் கரையில் இறங்கினார்.

அன்று பதினான்காம் நாள். படகு கிளம்பியே ஆக வேண்டும். நான் வேனுக்குப் போய் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டினேன். செருப்பு ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம் கிடந்தன. மடிக்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் போட்டார்.

கால்வாய்ப் படகு ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். அக்கா கரைப் பாதையில் அடுத்த ஊரான சவுத்தால் பக்கம் பார்த்து நடந்தார், நாங்கள் அவருக்குப் பக்கத்தில் தண்ணீரில் போனோம். அரை மைல் இருக்கும். அக்கா ஓரிடத்தில் நின்றபோது அவர் எஞ்சினைத் தணித்தார். அக்கா மறுபடி நடந்தார். பட்டுச் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைப் பார்த்துப் பார்த்து நடந்தார். நான் முன்னால் கயிற்றோடு நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவு தாண்டி இடம் வெறுமையாக இருந்தது. படகு கரைக்கு ஒதுங்கியது. நான் குதிக்கத் தயாரானேன்.

"அதை இஞ்சால எறி," என்றார் அக்கா. "நீ விழுந்தால் நீந்தவும் தெரியாது."

எறிந்தேன். பிடித்தார். குனிந்து வளையத்துக்குள் விட்டு இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, சப்பாத்துக் காலால் மிதித்து இறுக்கினார். முடிச்சு கோணல்தான், நான் திருத்தப் போகவில்லை.

பின்னாலிருந்து அவர், யார் கட்டினார்கள் என்று தெரியாமல், வழக்கம்போலக் கத்தினார்.

"கட்டியாச்சா?"

"ஓம் தம்பி, நான் கட்டிட்டன்," என்று அக்கா திரும்பக் கத்தினார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எப்பயடா கட்டப் போறாய்?"

என் பதில் தனக்குக் கேட்க வேண்டும் என்று அவர் எஞ்சினை நிறுத்தினார்.