மாமா கழற்றாத சாக்ஸ்

என் அக்கா பாத்திமா மேரியின் கணவர் சகாயநாதன், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ். படிப்பு எட்டாவதுதான். எலும்புக்கூட்டைத் தொட்டுப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

2005இல் நான் அந்த ஆய்வகத்துக்குப் போனபோது ஒரு குரங்கின் காலை எடுத்துக் காட்டினார்.

“பாரு லூயிசு, இதுக்குக் கால் கட்டைவெரல் கை மாதிரி வெலகி நிக்கிது, கெளைய புடிக்க. கோழிக்குப் பின்னால திரும்பிக்கிச்சு. நாய்ங்களுக்குப் பின்னங்கால்ல முக்காவாசி அதுவே கெடையாது. நமக்கு மத்த வெரலோட சேந்து முன்னால பாக்குது. நடக்கறப்ப கடைசியா தரைய தள்ளுறதே அதான்.”

“கோழிக்கால் பாடம் போதும் மாமா, கேன்டீனுக்கு வாங்க” என்றேன்.

2009க்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். எந்நேரமும் ஷூ, சாக்ஸ். நடையும் ஒரு தினுசு. “என்னா மாமா, தொரை நடையா?” என்று பார்க்கிற இடமெல்லாம் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதில் பெருமை வேறு.

2011இல் வீடு கட்டி, பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு வைத்தேன். மாமா ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வாசற்படியில் நின்றார்.

“அதையும் கழட்டிட்டு வாங்க மாமா.”

“இருக்கட்டும்டா.”

“சாமியாரே வெறுங்கால்ல நிக்கிறாரு. நீங்க அவரவிட பெரிய ஆளா? முடியலன்னா வெளியவே நில்லுங்க.”

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஷூவை மாட்டிக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார். அதன் பிறகு நானும் பேசவில்லை.

மறு வருடம் ஒரு காலையில் மாரடைப்பில் போய்விட்டார். நான் போனபோது பாயில் கிடத்தி இடுப்புக்குக் கீழே போர்த்தியிருந்தார்கள். போர்வைக்குள் பாதங்கள் இரண்டும் விலகிக் கிடப்பது தெரிந்தது.

“இன்னும் கால் கட்டைவெரல் ரெண்டயும் சேத்துக் கட்டலியா? இதுகூட தெரியாதா?” என்று சத்தம் போட்டேன். நானே துணியைக் கிழித்துப் போர்வையை விலக்கினேன்.

வலது காலில் கட்டைவிரல் இல்லை. ஆறிப்போன பழைய தழும்பு மட்டும் இருந்தது.

வாசற்படியில் நிறுத்தி நான் விரட்டியது இந்தக் காலைத்தான்.

“சுகர்ல எடுத்தது. மூணு வருஷமாச்சி” என்றாள் அக்கா.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

என் கையிலிருந்த துணியை வாங்கி இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டினாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

“தெருவுக்கே தெரியும்டா. லூயிசுக்கு மட்டும் சொல்லிடாத, நாலு பேரு முன்னால வச்சி சிரிப்பான்னாரு.”