மேசைக்கடியில் லட்சுமி

வேலம்பாளையத்தில் நான் கிளார்க்காக இருந்த பனியன் கம்பெனி ஆபீசில் எனக்குக் கால் வைக்க இடமில்லை. மேசைக்கடியில் முழுக்கப் பேப்பர். தையல் மெஷின் விற்கிறவன், ஊசி விற்கிறவன், நூல் ஏஜெண்ட் என்று ஆளாளுக்கு வழவழப்பான நோட்டீசாக அனுப்பித் தள்ளினார்கள். ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. ஆனால் குப்பையில் போடக் கூடாது. ஒவ்வொன்றின் தலையிலும் லட்சுமியோ பிள்ளையாரோ இருப்பார்கள். சாமி படத்தை வீச எங்கள் முதலாளி விடமாட்டார். தெரிந்தேதான் அச்சடித்தார்கள், பாவிகள்.

மேனேஜர் முதலாளியின் மச்சினன். வந்த தபாலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் மேசையில் கொட்டிவிட்டுப் போவார். அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கலர் ஓகே செய்து அனுப்பிய துணித்துண்டுக் கவர் அந்தக் குவியலில் சிக்கிக்கொண்டது. சாயப்பட்டறையில் வேலை நின்றது. கொட்டியவர் கமுக்கமாக இருந்துகொண்டார், திட்டு எனக்கு.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீங்க பேக்கிங் செக்சனுக்கே போயிருங்க" என்றார் முதலாளி.

பேக்கிங்கிலிருந்து அந்த நாற்காலிக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்ல, நோட்டீசில் இருந்த நம்பர்களுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, நீங்க கேட்டுத்தானுங்க அனுப்பறோம்" என்றார் ஊசி ஏஜெண்ட். "கண்காட்சியில உங்க மேனேஜரு கார்டு போட்டாருங்களே."

பின்னலாடைக் கண்காட்சியில் ஸ்டாலுக்கு ஸ்டால் கண்ணாடிக் கிண்ணம் வைத்திருப்பார்கள். விசிட்டிங் கார்டைப் போட்டால் குலுக்கலில் மிக்சியோ சூட்கேசோ விழும். இந்த மனிதர் ஒரு கிண்ணத்தையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய மிக்சி ஆசைக்கு என் நாற்காலியா பலி?

"அப்படீங்களா? அட்ரஸ் மாறிருச்சுங்க, எழுதிக்குங்க" என்று மேனேஜருடைய வீட்டு விலாசத்தைச் சொன்னேன். மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். மனசு குளிர்ந்துபோனது.

ஆபீசுக்கு நோட்டீஸ் வருவது நின்றது. பழைய குவியலை மூட்டை கட்டி, கிழிந்த சாமி படங்களைக் கொண்டுபோய் வைக்கும் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் மேனேஜர் கடுகடுவென்று வந்து நின்றார். "ஏம்மா, எல்லாம் ஊட்டுக்கு வருதுங்க. எம்பட சம்சாரம் சாமி படம்னு ஒண்ணயும் வீசமாட்டீங்கறா. கட்டில் மேலயே அடுக்கி வெச்சிருக்கறா. நான் கீழ படுக்கறேன். நிறுத்தச் சொல்லுங்க."

"கார்டு போட்டவங்களே சொன்னாத்தான் கேப்பாங்க சார்" என்று போனை அவர் பக்கம் தள்ளினேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ஏஜெண்டிடமும் கெஞ்சினார். நடுவில் தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டார். செம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் மேசைக்கடியில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு, "அடுத்த நம்பர் சொல்லட்டுங்களா சார்?" என்றேன்.