எங்கள் துறை ஏஜென்ட் எழுதிய ரிவ்யூ

பெரம்பலூரில் நான் ஆய்வு மாணவியாக இருந்த கல்லூரியில், எங்கள் துறைத்தலைவர் சொந்தமாக ஓர் ஆய்விதழ் நடத்தினார். வருகிற கட்டுரைகளை எங்கள் பேராசிரியர்களே படித்து ரிவ்யூ எழுதினார்கள். படித்து என்பது மரியாதைக்குச் சொல்வது. "நல்ல கட்டுரை, ஆங்கிலத்தைத் திருத்தவும்" என்பதற்கு மேல் ஒரு வரி நீளாது.

பிறகு துறைத்தலைவர் அந்த வேலையை ஏஐ ஏஜென்டுகளிடம் ஒப்படைத்தார். ஒன்று கட்டுரையை வாங்கும், இன்னொன்று ரிவ்யூ எழுதும், மூன்றாவது எல்லோருக்கும் மெயில் தட்டிவிடும். இடையில் மனிதக் கையே படாது என்று பெருமைப்பட்டார். முன்பும் பெரிதாகப் பட்டதில்லை.

"நம்ம தரம் அதுக்குத் தெரியணும்ல" என்று, துறையில் அதுவரை எழுதிய ரிவ்யூ அத்தனையையும், எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்ற பட்டியலோடு, ரிவ்யூ எழுதும் ஏஜென்டுக்குக் கற்கக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

என் கட்டுரை ஆலத்தியூர்ப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றியது. வெயிலில் கிணறு கிணறாகக் கயிறு விட்டு அளந்தது. அது வெளிவந்தால்தான் பிஎச்டி ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஒரு காலையில் துறை முழுவதற்கும் மெயில் வந்தது: "இக்கட்டுரையை ஏற்க இயலாது. எழுதியோர் வரிசையில் துறைத்தலைவரின் பெயரை முதலில் போட்டால் ஏற்கலாம். முந்தைய முடிவுகள் அப்படித்தான் இருக்கின்றன."

இத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அது போட்டு உடைத்துவிட்டது. எனக்கு வயிறும் எரிந்தது, சிரிப்பும் வந்தது.

துறைத்தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. "மெஷினே சொல்லிடுச்சேம்மா. என் பேர முதல்ல போட்டுட்டா முடிஞ்சுது" என்றார்.

"பேரையெல்லாம் மறைச்சுட்டு அதுக்குக் குடுத்துப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரு தெரியாம அது நல்ல கட்டுரையா இல்லையான்னு எப்படிம்மா கண்டுபுடிக்கிறது?" உண்மையாகவே சந்தேகம் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கி, என் பெயரிலேயே வெளியூர் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து துறைத்தலைவர் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. அரியலூர் பஸ்ஸில் நின்றபடியே படித்தேன். ஏற்கவில்லை. பக்கம் பக்கமாகக் குறை. கோடையில் மட்டும் அளந்துவிட்டு மழைக்காலத்தைப் பற்றி எப்படி முடிவு சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. அத்தனையும் சரி. ஆய்வேடு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று தெரிந்தும், கண் கலங்கியது சந்தோஷத்தில்தான். அதை எழுதியது ஆளா, ஏஜென்டா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், அது என் கட்டுரையைப் படித்திருந்தது.