கிட்னி கொடுத்த அண்ணன்

அண்ணன் ராபினின் சிறுநீரகத்தோடு பிரின்சி உயிர் வாழத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் வயர் சோதிக்கும் வேலை. அண்ணன் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க, காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை தவறாது. மாதம் ஒரு புதன்கிழமை ரயிலேறி, சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள்.

உடம்பு தேறிவிட்டது. ராபினைத்தான் சகிக்க முடியவில்லை. ஞாயிறு சர்ச் முடிந்ததும் சாப்பிட வந்துவிடுவான். கறி தின்ற கையாலேயே அவள் இடுப்பில் தட்டி, தன் கிட்னி எப்படியிருக்கிறது என்று விசாரிப்பான். எண்ணெய்க் கறை புடவையில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். நன்றிகெட்டவள் என்று பேர் வருமே என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அவன் மகள் மோனிகாவின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் நடுவே அவளை இழுத்து நிறுத்தினான்.

"நான் குட்த்த கிட்னி இங்கதான் கீது. தையலக் காட்டும்மா."

சொல்லிக்கொண்டே முந்தானையை விலக்கினான். யாரோ எட்டிப் பார்த்தார்கள். பிரின்சி கையை உதறிவிட்டு மண்டபத்தின் பின்புறம் ஓடி வாந்தியெடுத்தாள். அப்போதுதான் விழுங்கிய மாத்திரையும் வெளியே வந்துவிட்டது.

பயந்துபோய் ஆஸ்பத்திரி நர்ஸ் தமிழ்செல்விக்குப் போன் செய்தாள். உடனே மறுபடி போடச் சொன்ன நர்ஸ், பேச்சோடு பேச்சாக ராபினைப் பற்றியும் கேட்டாள். கொடுத்தவரும் வருடாவருடம் பரிசோதனைக்கு வரவேண்டும், அவரோ தையல் பிரித்த பிறகு வரவே இல்லை என்றாள்.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் அவன் உடம்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிரின்சிக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

உள்ளே ராபின் கால் வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"வர்ற புதன் நீயும் என்கூட வரணும்ணா," என்றாள். "இன்னொரு தபா என் மேல கை வச்சே, உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

புதன்கிழமை அவனுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் ரயிலில் அவன் தூங்கி அவள் தோளில் சாய்ந்தான். வியர்வை நாற்றம் அடித்தது. பிரின்சி அவன் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துவிட்டு, எழுந்து எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.