இரவல் கோட்டு

என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத காலங்களில் வீடு அமைதியாக இருக்கும். பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு மூலையில் கிடப்பார். புது வேலை கிடைத்துவிட்டால்தான் எங்களுக்குத் தொல்லை. இரும்புக்கடையில் சேர்ந்தபோது மீசையைப் பென்சில் கோடு மாதிரிக் குறுக்கினார். அங்கிருந்து கம்பளையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதப் போனபோது மீசையையே எடுத்துவிட்டார். மேலுதடு உரித்த கோழி போல வெளுத்துக் கிடந்தது. எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு பதில் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் பெரிய வேலை. கண்டி டவுனில் டீவி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் மாதத் தவணைக்கு விற்கிற ஒரு கடையில் சுப்பவைசர். கண்ணாடிக் கதவு போட்ட கடை, உள்ளே ஏசி. அந்த ஏசிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏசி உள்ள இடத்துக்குக் கோட்டு இல்லாமல் போகக்கூடாது என்று இவராகவே முடிவு செய்துகொண்டார். கடைக்காரர்கள் யாரும் கோட்டு கேட்கவில்லை. அங்கே மனேஜரே அரைக்கைச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

மெட்ராஸிலிருந்து வருகிற ஒரு பத்திரிகையில் முதல் நாள் வேலைக்குப் போகிற ஆண்களுக்கென்று ஒரு பக்கம் வந்திருந்தது. அதை வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். நெஞ்சை நிமிர்த்த வேண்டும், எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், அவன் சிரிப்பதற்கு முன்னால் நாம் சிரிக்கக்கூடாது, கை கொடுத்தால் அழுத்திக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் என்னை வைத்துப் பழகினார். அடுப்பில் சோறு கொதிக்கும்போது கூப்பிடுவார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், கஸ்டமர் மாதிரி உள்ளே வர வேண்டும். கதிரையிலிருந்து எழும்பி இரண்டு எட்டு வைத்து வந்து என் கையைப் பிடித்து நசுக்குவார்.

"வலிக்குதுங்க" என்றேன் ஒருநாள்.

"வலிக்கணும். அப்பத்தான் ஆள் யாருன்னு தெரியும்" என்றார்.

எந்த டீவி என்ன விலை, தவணை கட்டாதவனிடம் போய் என்ன பேசுவது, அந்தக் கடையில் சுப்பவைசருக்கு உண்மையில் என்னதான் வேலை, இதில் ஒன்றையாவது அவர் யாரிடமும் விசாரித்த மாதிரித் தெரியவில்லை. ஒரு பிரீஃப்கேஸ் வாங்கினார். உள்ளே வைக்க எதுவும் இல்லாததால் ஒரு சீப்பும் முகம் துடைக்கிற கைலேஞ்சியும் வைத்தார். மத்தியானச் சோற்றுப் பார்சலை அதில் வைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கோட்டு என் தம்பியுடையது. தம்பி பன்வில பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் வாத்தியார். போன வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அதற்காகத் தைத்த கருநீலக் கோட்டு. கல்யாண வீட்டில் அதைப் பார்த்து, தோட்டத்து லயத்துப் பயலுக்குக் கோட்டு ஒரு கேடா என்று என் காதுபடச் சொன்னவர் இவர்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போய் அதே கோட்டைக் கேட்டு வாங்கி வந்தார். தம்பி பெண்டாட்டி பூச்சி உருண்டை போட்டுப் பத்திரமாக மடித்து வைத்திருந்ததை, "மச்சானுக்குத்தானே" என்று தம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

தம்பி நல்ல தோள் அகலமான ஆள். இவருக்கு அது இரண்டு பக்கமும் தொங்கியது. நெஞ்சிலும் வயிற்றிலும் காற்றடைத்த மாதிரி உப்பி நின்றது. இப்போது லூஸாகப் போடுவதுதான் ஸ்டைல் என்றார்.

அது என்ன காலம் என்று சொல்ல வேண்டும். டவுனில் குண்டு வெடித்து அதிக நாள் ஆகவில்லை. உடம்பில் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் இருந்த மஹய்யாவையிலிருந்து டவுனுக்கு இறங்குகிற பாதையில் ஆமிக்காரர்கள் தகரத்தையும் மண்மூட்டையையும் அடுக்கி வைத்து ஒவ்வொருத்தராகச் சோதித்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளைக்கூட விடவில்லை. வேலைக்குப் போகிற எங்கள் தெருப் பையன்கள் சட்டையை உள்ளே விட்டு, உடம்போடு ஒட்டினாற்போல உடுத்திக்கொண்டுதான் போனார்கள். ஸ்டைலுக்காக இல்லை.

முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்க, கடைக்குள் போய்ப் போட்டுக்கொள்ளுங்க என்றேன். அவர் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே, உடுப்பைப் பார்த்துத்தான் மரியாதை, நல்லா உடுத்தியவன் மேல் ஆமிக்காரன் கை வைக்க மாட்டான், பயந்து நடப்பவனைத்தான் பிடிப்பான், உன் தம்பி மாதிரி ஆட்களை, என்றார். கடைசியில் தம்பியை ஏன் இழுத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வாய்க்கு வந்ததுதான்.

காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம். நான் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தேன். நல்ல வெயில். அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்வை ஓடியது. அதைத் துடைத்தால் நடை கெட்டுவிடும் என்று துடைக்காமலே நடந்தார். சென்ட் வாசமும் பூச்சி உருண்டை வாசமும் சேர்ந்து வந்தது. தெரிந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒதுங்கித்தான் நடந்தார்கள். அதையும் அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சோதனைச்சாவடியில் நின்றவன் சின்னப் பையன், மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. இவர் வரிசையில் நிற்கவில்லை. நேராக அவனிடம் போய், அவன் கண்ணைப் பார்த்து, "குட் மோர்னிங்" என்று சொல்லி வலது கையை நீட்டினார். பழகினபடியே இரண்டு எட்டு.

அந்தப் பையன் பின்னால் துள்ளி விழாத குறை. துவக்கை நிமிர்த்திவிட்டான். சிங்களத்தில் கையைத் தூக்கு என்று கத்தினான். வரிசையில் நின்ற எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். இவர் இரண்டு கையையும் தூக்கியபடி, பிரீஃப்கேஸ் காலடியில் விழுந்து திறந்து, சீப்பு வெளியே கிடக்க, நடு ரோட்டில் நின்றார்.

தூரத்தில் நின்றே கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு சட்டையை, சப்பாத்தை, களிசானை. உள் களிசானோடு வெயிலில் மண்டியிட வைத்தார்கள். ஒருத்தன் கோட்டைத் தடவிப் பார்த்தான். தோளிலும் நெஞ்சிலும் உள்ளே தடிப்பாக ஏதோ இருக்கிறது என்றான். கத்தியால் கிழித்தார்கள். கோட்டுக்கு விறைப்புக் கொடுக்க வைக்கிற துணியும் பஞ்சும்தான் வந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதுவரை அவர் மேல் எனக்கு இரக்கம்தான் இருந்தது. எந்த மனுஷனையும் பெண்டாட்டி பார்க்க அப்படி மண்டியிட வைக்கக்கூடாது. அந்தப் பையன்கள் செய்ததும் அசிங்கம்தான். ஆனால் அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இவரோடு நான் சோறு சாப்பிடுகிறேன்.

பெரியவன் ஒருத்தன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் எதற்குக் கோட்டு, உன் அளவும் இல்லையே, யாருடையது என்று கேட்டான். இவர் மச்சானுடையது என்றார். மச்சான் எங்கே என்றான். பன்வில, ஸ்கூல் வாத்தியார் என்றார். இதுவரை பொய் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெரியவன் எதுவும் கேட்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சும்மா பார்வையைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

"அவன் யாரோட பழகுறான்னு எனக்குத் தெரியாது சேர்" என்றார் நல்ல சிங்களத்தில். "அவனைக் கேட்டுப் பாருங்க."

நான் எழும்பி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, என் தம்பி ஒரு வம்புக்கும் போகாதவன் என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னான். இவரை ஜீப்பில் ஏற்றிப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. களிசானைப் போட்டுக்கொள்ளும்போது மடிப்புக் கலையாமல் போட்டதை மட்டும் கவனித்தேன்.

மருந்துக்கடை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பொலிஸுக்குப் போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். தம்பிக்கு ஆள் அனுப்பவும் வழி தெரியவில்லை. பின்னேரம் ஒரு ஜீப் வந்தது. தம்பி இறங்கினான். பாடசாலையிலிருந்து அப்படியே கொண்டு வந்திருந்தார்கள். கையில் சோக்கட்டித் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, மச்சானுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இவரை வெளியே விட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். பிரீஃப்கேஸின் பூட்டு உடைந்துவிட்டதாம்.

தம்பியை ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்தார்கள். நான் தினமும் சோறு கட்டிக்கொண்டு போனேன். தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள், அவளையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன். இவர் மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். முதல் நாள் வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடும் மறுநாளே வந்துவிட்டாரே என்று மனேஜர் பாராட்டினாராம். அதை அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். தெருவில் வேறு கதை. பெரிய ஒஃபிசர் தன்னைக் கண்டதும் எழும்பி, தவறு நடந்துவிட்டது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். ரோட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்களிடமே இதைச் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆம்பிளைகள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்ளும் உபகாரம் இது.

தம்பியின் பாடசாலை அதிபரும் தோட்டத்துச் சிங்களக் கிளாக்கர் ஐயா ஒருவரும் வந்து பேசித்தான் அவனை விட்டார்கள். அடித்திருந்தார்கள். எங்கே என்று அவன் காட்டவில்லை. உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுடுதண்ணி வைத்துக் கொடுத்தேன். குளித்துவிட்டு, பெண்டாட்டி பக்கத்தில் சாய்ந்திருந்தான்.

அந்த நேரம் இவர் வேலை முடிந்து வந்தார். டையைத் தளர்த்திக்கொண்டே தம்பி முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவன் தோளில் தட்டினார். தம்பிக்கு முகம் சுருங்கியது.

"அவனுங்க கேக்கும்போது கண்ணை நேராப் பாத்துப் பதில் சொல்லணும்டா" என்றார். "நீ தலையக் குனிஞ்சிருப்ப. அதான் சந்தேகப்பட்டு வச்சிக்கிட்டானுங்க."

தம்பி குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "மொதல் நாள் அவங்க கேட்டது ஒண்ணுதான் மச்சான். ஒன் சொந்தக்காரனே ஒன்னப் பத்தி அப்படிச் சொல்றானே, ஏன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல."

இப்போதாவது இந்த மனுஷன் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். எழும்பிப் போய் டீவியைப் போட்டார். வேலைக்குச் சேர்ந்த கடையில் தவணைக்கு எடுத்த புது டீவி. படம் சரியாகத் தெரியவில்லை என்று அன்டெனாவைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் தம்பியும் பெண்டாட்டியும் போய்விட்டார்கள். கோட்டைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, பொலிஸார் திருப்பித் தரவுமில்லை.

நான் அவரை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் பன்விலயில் தம்பியின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு குழந்தை பிறக்கப் போகிறது. அதனால் இருந்தேன். சமைத்தேன், அவர் சட்டைகளைத் துவைத்தேன். ஆனால் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்டபோதெல்லாம், தெரியல என்றுதான் சொன்னேன். நல்லாயிருக்கு என்ற வார்த்தை அந்த மனுஷனுக்காக என் வாயிலிருந்து வரவே இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டார்.

அவர் அந்தக் கடையில் நன்றாகத்தான் முன்னேறினார். மனேஜராகவும் ஆனார். புதிதாகச் சேர்கிற பையன்களை வரிசையாக நிறுத்தி, ஆம்பிளைக்குத் தைரியம்தான் உடுப்பு என்று வகுப்பு எடுப்பாராம். ஒரு பையன் என்னிடமே வந்து, சேர் மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்லை அக்கா என்று சொன்னான். உண்மைதான், நானும் பார்த்ததில்லை என்றேன். அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டு போனான்.

தம்பி எங்கள் வீட்டுப் படியை அதன் பிறகு மிதிக்கவில்லை. பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் நான்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வத்தேகம வழியாகப் போகிற பஸ்ஸில் பன்விலவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், உன் தம்பி எப்படி இருக்கிறான், என்னைப் பற்றி விசாரித்தானா என்று கேட்பார்.

இல்லை என்பேன். அது உண்மை. அந்த வீட்டில் இவர் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.