ஆறு பேருக்கு ஒரு ட்யூப்

ஒரகடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் மெத்தை மூன்று, ஆள் ஆறு. கேட்பவர்களுக்கு இது பற்றாக்குறையாகத் தெரியும். எங்களைப் பொறுத்தவரை இது திட்டமிடல். பகல் ஷிஃப்டுக்காரன் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது நைட் ஷிஃப்டுக்காரன் வந்து அதே பள்ளத்தில் படுத்துக்கொள்வான். அவன் எழுந்தால் இவன். மெத்தை ஆறிப்போய் ஒருவரும் பார்த்ததில்லை.

"இந்த ரூம்ல பர்மனென்ட் ஆனது இது ஒண்ணுதான்ணா. நாமல்லாம் கான்ட்ராக்ட்டு" என்பான் என்னோடு மெத்தை மாற்றிக்கொள்ளும் தம்பி. காஞ்சிபுரம் பக்கத்துப் பையன், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன். நல்ல வாய். அவன் சொல்வதை எல்லாம் நான் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் என்னை சீக்கிரமே விட்டுவிட்டதால், நான் படித்ததெல்லாம் இப்படி அடுத்தவர் வாயில் இருந்துதான்.

அறையில் தனிச்சொத்து என்பது செல்போனும் ஏடிஎம் கார்டும் மட்டுமே. அடுப்பு பொது, வாளி பொது. குறுக்கே ஒரு கொடி கட்டியிருந்தோம், அதில் தொங்கும் துண்டுகளும் பொது. அதற்கு ஒரே சட்டம்தான்: எது காய்ந்திருக்கிறதோ அது என்னுடையது. மழைக்காலத்தில் எதுவும் காயாது. அப்போது சட்டம் இன்னும் எளிமையாகிவிடும்: எது குறைவாக நாறுகிறதோ அது.

அந்தத் தம்பிக்குத்தான் முதலில் வந்தது. மார்பில் வலப்பக்கம், வட்டமாக, பத்து ரூபாய் நாணயம் அளவில். நடுவில் தோல் சாதாரணமாக இருக்கும், ஓரம் மட்டும் சிவந்து மேடு கட்டி, பொடிப்பொடியாக உதிரும். அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு. கண்டக்டர் வாங்க மறுத்த பத்து ரூபாய் மாதிரி, எங்கே தள்ளினாலும் அவனிடமே திரும்பி வந்தது.

நம் பக்கத்தில் காரை ரிப்பேர் பார்க்கத் தெரியாதவர் இருக்கலாம். அரிப்புக்குக் காரணம் சொல்லத் தெரியாதவர் கிடையாது.

மெஸ் நடத்தும் அக்கா தன் சாம்பாரையே காட்டிக்கொடுத்தார். "கத்திரிக்கா துன்னாதடா, அது அரிக்கும்." தினமும் கத்திரிக்காய் சாம்பார் போடுகிறவர் அவர்தான்.

எங்கள் அறையில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருந்தார், மெயின்டனன்ஸ் பிரிவு. அவருக்கு எந்த நோய்க்கும் இந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம். "லாரித் தண்ணில குளிச்சா இப்படித்தாம்டே இருக்கும். எங்க ஆத்துல ஒரு முங்கு முங்கி எந்திச்சேன்னு வையி, ஒடம்பு அப்படியே பளபளன்னு ஆயிருமுலா." ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் அவரும் சொறிந்துகொண்டேதான் திரும்பினார் என்பதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

சூப்பர்வைசர் காரணத்துக்குள்ளேயே போகவில்லை. "அரிப்புக்கெல்லாம் லீவா? ஒரு கையால சொறி, ஒரு கையால போல்ட்டு போடு."

கடைசியில் தம்பி மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். அந்தக் கடைக்காரர் பேசி நான் கேட்டது இரண்டே வார்த்தைதான். சட்டையை விலக்கிக் காட்டுவதற்குள் ட்யூப் மேசைக்கு வந்துவிடும். "போடு, போயிடும்." கையுறைக்குள் வியர்த்து விரலிடுக்கு வெந்துபோனவனுக்கும் அதே ட்யூப். முதுகெல்லாம் வேர்க்குரு வந்தவனுக்கும் அதே. செல்போன் கம்பெனியில் தொப்பி எலாஸ்டிக் அழுத்தி நெற்றி தடித்துப்போன பெண்ணுக்கும் அதே. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மேல் ஒரே வாசம்.

போட்டான், போய்விட்டது. மூன்றாம் நாளே அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அறையே அந்த ட்யூபைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஜன்னலில் டூத்பேஸ்ட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினோம். அன்றிலிருந்து அது ரூம் ட்யூப். யாருக்கு எங்கே அரித்தாலும் ஒரு பட்டாணி அளவு. தீர்ந்தால், கேஸ் சிலிண்டர் மாதிரி, அடுத்தது பொதுச்செலவில்.

போனது திரும்பி வந்தது. நிறுத்திய வாரமே வரும், மறுபடி போடுவோம், போகும். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் பெரிதாக வரும். அண்ணாச்சிக்கு இடுப்பில், எனக்குத் தொடையிடுக்கில், மற்றவர்களுக்கு அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில். மெத்தையும் துண்டும் பொதுவாக இருக்கும்போது வட்டம் மட்டும் தனிச்சொத்தாக இருக்குமா?

இந்த நேரத்தில்தான் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. பெண் ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறவள். குன்றத்தூரில் மண்டபம். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை வராமல் பீதிக்களை வந்ததற்குக் காரணம் கல்யாணம் இல்லை. முந்தின நாள் நலங்கு.

"சட்டைய கழட்டி உக்கார வெப்பாங்கண்ணா. பொண்ணு வூட்டு பொம்பளைங்க எல்லாம் சுத்தி நிப்பாங்க. மார்ல இத்த பாத்தாங்கன்னா, ஏதோ பெரிய வியாதினு சொல்லி கல்யாணத்தயே நிறுத்திடுவாங்க."

"கோட்டு சூட்டு போட்டுக்கோயேன்டா."

"நலங்குக்கா? சந்தனத்த டை மேல தடவுவாங்களா?"

அவன் வட்டங்கள் இதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து, மார்பில் ஒரு மாவட்ட வரைபடமே உருவாகியிருந்தது. ஆகவே கல்யாணம் என்ற ஒரே காரணத்துக்காக, எங்கள் அறையின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒருவன் தோல் டாக்டரிடம் போனான். துணைக்கு நான்.

டாக்டரம்மா பார்த்த உடனே சொன்னார்: "படர்தாமரை. பூஞ்சைக் கிருமி. ரத்தம் கெட்டுப்போனதும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ், காயாத துணி, இதெல்லாம் அதுக்கு விருந்து. இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?"

தம்பி பையிலிருந்து ரூம் ட்யூபை எடுத்து வைத்தான். கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிழிந்திருந்தோம். அதைப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பும் சிவப்பும் அடங்கும், கிருமி சாகாது. நீங்க போயிடுச்சுன்னு நினைக்கிறப்போ அது உள்ள நிம்மதியா பரவிக்கிட்டு இருக்கும். தோலும் மெலிஞ்சுபோகும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கம்பெனியில் தினம் நடப்பதுதான். மெஷினில் கோளாறு வந்து அலாரம் அடித்தால், அலாரத்தை அமுக்கிவிட்டு லைனை ஓட்டுவோம். டார்கெட் முடிந்துவிடும், மெஷின் போய்விடும்.

"ரூம்ல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்லீங்க மேடம், இவனுக்கு மட்டுந்தான்" என்றேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை எங்கே சொறிந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தார்.

ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் என்று முடிவானது. மாத்திரை டாக்டர் சொன்ன காலம் வரை. வேறு ஒரு கிரீம், வட்டத்தின் மேல் மட்டும் இல்லாமல் ஓரத்தைத் தாண்டியும் தடவ வேண்டும், மறைந்த பிறகும் சில வாரம் நிறுத்தக்கூடாது. துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். தளர்ந்த பருத்தி உடுப்பு. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு விரிப்பு.

"பழைய ட்யூபை நிறுத்தினதும் முதல்ல கொஞ்சம் அதிகமாகும். பயந்துகிட்டு மறுபடி அதை எடுக்காதீங்க" என்றார். பிறகு, நலங்கு விஷயத்தைச் சொல்லிப் புலம்பிய தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நலங்கன்னிக்கு மறைக்கிறது பெரிய காரியம் இல்லப்பா. மறுநாள்ல இருந்து அந்தப் பொண்ணும் நீயும் ஒரே வீடு. அதை யோசி."

ஆளுக்கொரு துண்டு என்ற செய்தியை அறையில் அறிவித்தபோது, சொத்தைப் பிரித்துக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்குக் கோபமே வந்தது.

"என்னடே, எங்கூட படுத்தா ஒட்டிக்கிடுமா? நான் என்ன தீண்டத்தகாதவனா?"

"அண்ணாச்சி, பனியன தூக்குங்க" என்றான் தம்பி.

தூக்கவில்லை. மறுநாள் கொடியில் அவருடைய துண்டு மட்டும் தனியாக, ஒரு முடிச்சுப் போட்டு, எல்லைக்கல் நட்ட மாதிரி தொங்கியது.

டாக்டரம்மா சொன்னது போலவே, ட்யூபை நிறுத்தியதும் தம்பியின் மார்பு கொதித்துச் சிவந்தது. கல்யாண நாள் நெருங்க நெருங்க அறையில் எல்லோரும் காலண்டரையும் அவன் மார்பையும் மாறி மாறிப் பார்த்தோம். "ஒரே ஒரு வாரத்துக்கு அந்தப் பழைய ட்யூப போட்டுக்கடே. கல்யாணம் முடிஞ்சதும் நல்ல பிள்ளயா மாத்திரைய முழுங்கு" என்று அண்ணாச்சியே போய்ப் புது ட்யூப் ஒன்றை வாங்கி வந்து ஜன்னலில் வைத்தார். தம்பி அதைத் தினமும் பார்த்தான். ஒரு நாள் மூடியைத் திறந்தும் பார்த்தான். பிறகு மூடிவிட்டு, "பொண்ணு வூட்டுக்கு வந்தப்புறம் அதுக்கும் இது வந்துச்சுன்னா இன்னா பதில் சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பல் விளக்கப் போனான்.

நலங்குக்குள் செதில் உதிர்வது நின்றுவிட்டது. அரிப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் வரைபடம் மட்டும் பழுப்பு நிறத்தில் அப்படியே இருந்தது. மாத்திரையும் இன்னும் முடியவில்லை.

மண்டபத்தில் பலகை போட்டு அவனை உட்கார வைத்து, மார்பில் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் பெண் வீட்டாருக்கு மறைக்கிற மாதிரி முன்னால் போய் நின்றோம். தேவையே இருக்கவில்லை. அவனுடைய அத்தை கிண்ணம் நிறையக் கரைத்து வைத்திருந்த மஞ்சளையும் சந்தனத்தையும் அள்ளி ஒரே அப்பாக அப்பினார். வரைபடம் மறைந்தது. அடுத்து பெரியம்மா, அடுத்து சித்தி, ஒவ்வொருவரும் அந்தக் கிண்ணத்தில் கைவிட்டு மார்பெல்லாம் தேய்த்தார்கள். அண்ணாச்சி என் விலாவில் இடித்தார். "பாத்தியாடே? மஞ்ச காப்பாத்திட்டு."

தம்பியும் மூச்சு விட்டான். கடைசி ஆளும் தடவி முடித்ததும் அத்தை கிண்ணத்தைத் தூக்கி ஒரு பெண்ணிடம் நீட்டினார். "நெறைய மீந்து கீது பாரு. எத்தினு போய் பொண்ணுக்கு வெச்சுடுங்க."

தம்பி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அத்த, இது வேணாம். பொண்ணுக்கு வேற கரைங்க."

"ஏன்டா? நல்லாதானே கீது?"

"வேணான்னா வேணாம் அத்த."

"இன்னாடா இது, நல்ல நாளும் அதுவுமா? கிண்ணத்த உட்றா."

விடவில்லை. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தம்பி எங்களைப் பார்த்தான், ஜன்னலில் ட்யூபைப் பார்த்தானே, அதே பார்வை. பிறகு துண்டை எடுத்து மார்பில் இருந்த மஞ்சளைத் தானே துடைத்தான்.

"எனுக்கு படர்தாமரை. மருந்து துன்னுகினு கீறேன், கொறஞ்சுடுச்சு. ஆனா என் மேல பட்ட கைய வுட்ட கிண்ணம் இது. பொண்ணுக்கு வேணாம்."

பெண்ணின் சித்தி முன்னால் வந்தார். குனிந்து, அவன் மார்பை உற்றுப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுவா படர்தாமரை?" என்றார் சித்தி. "எனுக்கும் இதே மாதிரி இடுப்புல, பாவாட நாடா கட்ற எடத்துல கீது மாப்ள. உஷ்ணம்னு நெனச்சுகினு கீறேன்."

"என் பையனுக்கு கயுத்துல கீதே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்க இன்னா ட்யூப் போட்டீங்க மாப்ள?"

"ட்யூப்ப பத்தி மட்டும் கேக்காதீங்க சித்தி" என்றான் தம்பி.

அடுத்த அரைமணி நேரம் நலங்கு நடந்ததா, தோல் நோய் முகாம் நடந்ததா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வீடியோக்காரர் தன் முழங்கை மடிப்பைக் காட்டினார். அது படர்தாமரை இல்லை, வேறு என்னவோ. டாக்டரைப் பாருங்கள் என்று அண்ணாச்சி தோரணையாகச் சொல்லி அனுப்பினார்.

பெண்ணின் அப்பா மட்டும் இதில் சேராமல் ஓரமாக நின்றிருந்தார். பெரிய மீசை. "மாப்ள, கொஞ்சம் தனியா வாங்க" என்று தம்பியைச் சமையற்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். தீர்ந்தது கதை என்று நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை ஒரு பக்கம் தளர்த்தி இடுப்பைக் காட்டினார்.

"இது அதுதானா பாருங்க."

தம்பி குனிந்து பார்த்தான். "அதுதான் மாமா."

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தார். பாதி பிழிந்து, வாலிலிருந்து அழகாகச் சுருட்டியிருந்தது. "இத்தத்தான் மாப்ள குடுத்தான் மெடிக்கல்காரன். போடு, போயிடும்னான்."

பெண்ணுக்கு வேறு கிண்ணத்தில் கரைத்து வைத்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போது அவர்கள் குன்றத்தூரில் குடியிருக்கிறார்கள். மொட்டைமாடியில் இரண்டு கொடி, ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. போன மழைக்கு நான் நனைந்துகொண்டு போய் நின்றபோது அந்தப் பெண் உள்ளே போய் மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"தொவட்டிக்கோங்கண்ணா. போவும்போது கையோட எட்துகினு போயிடுங்க. தோச்சு எட்தாந்து மட்டும் குட்த்துடாதீங்க."